தறியும் கணினியும்

நவீன ஓவியத்தைப் பற்றியும் புதுக்கவிதையைப் பற்றியும் நம் இலக்கிய வட்டங்களில் நெடுநாளாகவே வாதங்கள் நடந்து வருகின்றன. அண்மைக் காலத்தில் அவற்றோடு இன்னுமொரு வாதம் சேர்ந்துகொண்டது. சில சொற்களைக் கொடுத்தால் சில வினாடிகளிற் படமொன்றைத் தீட்டித் தந்துவிடும் செயற்கை நுண்ணறிவு யந்திரம் வந்துவிட்டது. இனி ஓவியனுக்கு என்ன வேலை என்று ஒரு சாரார் கலங்குகின்றனர். மற்றொரு சாரார், யந்திரம் செய்வது ஒருபோதும் கலையாகாது என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறி அமைதியடைந்து விடுகின்றனர். இரு சாராரும் இவ்வினாவை ஓவியனின் அறைக்குள் நின்றே எழுப்புகின்றனர். அதனைச் சற்று வெளியே கொண்டுவந்து, கல்முனையிலிருந்து வடக்கே பாண்டிருப்பைக் கடந்து, மருதமுனையில் ஒரு தறியின் அருகில் வைத்துக் கேட்டுப் பார்ப்போமானால், விடை வேறாகிறது. அவ்விடையில் நமக்குள்ள அக்கறையும் பெரிதாகிறது.

மருதமுனை என்றதும் இலங்கையரின் நினைவுக்கு வருவது கைத்தறி. சாரமும் சேலையும் அவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. நெசவைத் தொழில் என்று சொல்லிப் பழகிய நாம், அதனைக் கலை என்று சொல்லத் தயங்குகிறோம். ஆயினும் தறியில் நடப்பது என்ன என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள் நூற்றுக்கணக்கில், சிலபோது ஆயிரக்கணக்கிற் கிடக்கின்றன. மிதிகட்டையை மிதித்ததும் அவற்றுட் சில மேலெழுகின்றன; சில கீழிறங்குகின்றன. அந்த இடைவெளியில் நாடா ஓடி, ஊடை நூலைக் கொண்டு செல்கிறது. பாவும் ஊடையும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டிலொரு நிலைதான் உண்டு: பாவு மேலே, அல்லது கீழே. துணியிற் காணும் கோடும் கட்டமும் பூவும் கரையும் இந்த இரு நிலைகளின் கூட்டமேயன்றி வேறில்லை.

சாதாரணக் கட்டச் சாரம் ஒன்றை நெய்வதற்குக் கூட, எத்தனை இழைக்குப் பின் எந்நிறம் வரவேண்டும் என்று பாவோட்டும் போதே எண்ணி முடித்தாக வேண்டும். ஓவியன் பிழைவிட்டால் அதன் மேல் வேறு வர்ணத்தைப் பூசிக் கொள்ளலாம். நெசவாளர் பாவைப் பிழையாக ஓட்டினால் அப்பிழை துணியின் கடைசி முழம் வரை கூடவே வரும். ஆகவே முழு வடிவத்தையும் முன்கூட்டியே மனத்திற் கண்டு, அதனை எண்களாக மாற்றி, அதன் பின்னரே தறியிற் கை வைக்கிறார் அவர். நேர்கோடு, சதுரம், வர்ணங்களின் அளவுப் பொருத்தம் என்று நவீன ஓவியக் கூடங்களில் நாம் வியந்து பேசுபவை அவருக்கு அன்றாடக் கணக்கு.

இக்கணக்குத்தான் கணினிக்கும் மூதாதை என்பதை நம் மாணவர்கள் அறிதல் நன்று. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்ட் என்பவர், துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கும் ஒரு பொறியை ஆக்கினார். அட்டையில் துளை இருந்தால் நூல் எழும்; இல்லையேல் எழாது. ஆங்கில நாட்டுச் சார்ள்ஸ் பாபேஜ் தாம் கனவு கண்ட கணித யந்திரத்துக்கு அதே அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். ஜக்கார்டின் தறி மலரையும் இலையையும் நெய்வது போலவே இந்த யந்திரமும் கணிதக் கோலங்களை நெய்யும் என்ற கருத்தை, 1843இல் வெளியிட்ட குறிப்புக்களில் ஏடா லவ்லேஸ் எழுதினார். பின்வந்த கணினிகள் பல பத்தாண்டுகள் துளையட்டைகளைக் கொண்டே இயங்கின. இன்று நம் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் கருவியை அந்நியமானது என்று தறி ஒருபோதும் சொல்லாது. அது தறியின் வமிசத்திலே பிறந்தது.

ஆனால் இவ்வுறவைச் சொல்லி மகிழ்ந்துவிட்டு நிற்பதற்கில்லை. ஜக்கார்டின் பொறி செய்த இன்னொரு காரியம் உண்டு. வடிவத்தை அது அட்டைக்குள் அடைத்தது. அட்டையை வகுப்பவர் ஒருவர், நாடாவை ஓட்டுபவர் வேறொருவர் என்ற பிரிவு முன்னிலும் ஆழமாயிற்று. அட்டை யாரிடமோ, வடிவம் அவருக்கே உரியதாயிற்று. நெய்பவருக்கு எஞ்சியது கூலி. அந்தக் கூலியும் போதாமற் போகவே, 1831இல் லியோன் நகரப் பட்டு நெசவாளர் தம் வேலைக்கு ஒரு நிலையான விலை கேட்டுக் கிளர்ந்தெழுந்தனர். புதிய பொறி ஒன்று வரும்போது நாம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வியை லியோன் நமக்குக் கற்றுத் தருகிறது. பொறிக்கு ஆன்மா உண்டா என்பதைப் பின்னர் ஆராயலாம். வடிவத்தை நினைக்கும் உரிமை யார் கையிற் போய்ச் சேருகிறது என்பதே முதற் கேள்வி.

நவீன வடிவக் கலையின் வரலாறு இந்தப் பிரிவை மீண்டும் ஒட்டவைக்க எடுத்த முயற்சியின் வரலாறு எனலாம். 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் நிறுவிய பவுஹவுஸ் கலாசாலையில், தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசான்கள் இருந்தனர். ஒருவர் வடிவத்தைப் போதிக்கும் கலைஞர். மற்றவர் கைத்தொழிலைப் போதிக்கும் வினைஞர். இரண்டையும் ஒரே மாணவன் கற்றுத் தேற வேண்டும் என்பது நோக்கம். அங்கு சென்ற பெண்களிற் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே அனுப்பினர் என்பது அதன் குறை. எனினும் அந்தப் பட்டறையே பின்னர் அக்கலாசாலையின் பெருமைகளுள் ஒன்றாயிற்று. 1927இல் குண்டா ஸ்டோல்சல் அதன் தலைமையை ஏற்றார். அவரிடம் பயின்ற அன்னி அல்பேர்ஸ், தம் பட்டத்துக்கான வேலையாகப் பருத்தியையும் அன்றைய புதுப் பொருளான செலோபேனையும் சேர்த்து ஒரு சுவர்த்துணியை நெய்தார். அதன் ஒரு பக்கம் ஒளியைத் திருப்பியது. மறு பக்கம் ஓசையை அடக்கியது. புதிய பொருளின் இயல்பை நூலின் இயல்போடு பொருத்தத் தெரிந்த கைக்கே அது இயலும்.

1933இல் நாஜிகளின் நெருக்குதலால் பவுஹவுஸ் மூடப்பட்டது. அமெரிக்கா சென்ற அன்னி அல்பேர்ஸின் நெசவுகளை 1949இல் நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலை தனிக் கண்காட்சியாக வைத்தது. அந்த நூதனசாலை நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அத்தகைய மதிப்பை அளித்தது அதுவே முதல் முறை. அவரோ தம் ஆசான்களாகப் பண்டைய பெரு நாட்டு நெசவாளரையே கருதினார். 1965இல் வெளிவந்த தம் நெசவு நூலை அவர்களுக்கே காணிக்கையாக்கினார். நவீனம் என்பது பழையதை எரித்துவிட்டு வருவது என்று எண்ணும் நம் இளைஞர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

நம் நாட்டிலும் நவீன வடிவக் கலைக்கு ஒரு மரபு உண்டு. 1943இல் கொழும்பில் தோன்றிய ‘43 குழு’வில் ஜோர்ஜ் கீட், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ் முதலிய ஓவியர்கள் இருந்தனர். அவர்களைக் கூட்டிய லயனல் வென்ட் ஒரு புகைப்படக் கலைஞர். இருட்டறையில் ஒளியைத் தலைகீழாக்கியும், படங்களை ஒன்றோடொன்று இணைத்தும் அவர் செய்த சோதனைகள், கமரா என்ற யந்திரம் கலைக்குப் பகையன்று என்பதை அக்காலத்திலேயே இலங்கையில் நிறுவிவிட்டன. கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, கண்டியில் தாம் அமைத்த நவீன வீடுகளுக்குள் தும்பறைப் பாய் நெசவுக்கு இடம் தந்தார். ஏனா டி சில்வாவின் பத்திக் துணிகள் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் கூரைக்கே அணியாயின. நல்லாயன் சபைக் கன்னியர்கள் பெண்களுக்கு அளித்த நெசவுப் பயிற்சிக்கு வர்ணமும் வடிவமும் அமைத்துக் கொடுக்கத் தொடங்கிய பாபரா சன்சோனி, 1964இல் ‘பெயார்பூட்’ நிறுவனத்தை ஆரம்பித்து இலங்கைக் கைத்தறியின் வர்ணங்களை உலகறியச் செய்தார். இவர்கள் செய்த தொண்டைக் குறைத்து மதிப்பிடுவோர் நன்றி மறந்தவராவர். கைத்தறியை ஏழையின் துணி என்ற நிலையிலிருந்து உயர்த்தியவர்கள் இவர்களே.

எனினும் ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். இம்மரபு கொழும்பையும் கண்டியையும் நடுவாகக் கொண்டு வளர்ந்தது. வடிவத்தை அமைத்தோரின் பெயர்கள் புத்தகங்களில் நிலைத்தன. நெய்த கைகளின் பெயர்களை நாம் எழுதி வைக்கவில்லை. கிழக்குக் கரையின் நெசவூர்களை எழுத்தாளராகிய நாமே கலை வரலாற்றிற் சேர்க்கவில்லை. கல்முனைப் பகுதி புலவர்களுக்கும் கவிஞர்களுக்கும் பெயர்பெற்றது. ஆயினும் தறியைப் பற்றிய ஆழ்ந்த விமரிசனக் கட்டுரைகளை நம் ஏடுகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையே தொழில் தளர்ந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் உள்ளூர்த் துணிக்கு நாடெங்கும் கேள்வி இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான வெளிநாட்டுத் துணிகள் கடைகளை நிறைத்தன, கைத்தறி பின்வாங்கியது. பின்னர் யுத்தம் வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது; வீடுகளோடு தறிகளும் அழிந்தன. இவற்றையெல்லாம் தாண்டியும் மருதமுனையில் தறியோசை அடங்கிவிடவில்லை. அடங்காத அவ்வோசை அடுத்த தலைமுறைக்கும் கேட்குமா என்பதே இப்போது நம் முன்னுள்ள வினா.

புதிய தொழில்நுட்பம் இங்கேதான் இரண்டு முகங்களோடு வந்து நிற்கிறது. முதல் முகம் அச்சத்துக்குரியது. கைத்தறிக் கட்டத்தின் படத்தைக் கணினி மூலம் ஆலைத் துணியில் அச்சடித்துவிட முடியும். தூரத்திற் பார்ப்போருக்கு வேற்றுமை தெரியாது. படம் தீட்டும் யந்திரத்திடம் ‘கிழக்கிலங்கைச் சேலைக் கரை’ என்று கேட்டால், கண்ணைக் கவரும் ஏதோவொன்றை அது தந்துவிடும். ஆயினும் அது துணியின் தோற்றத்தை அறியுமேயன்றித் துணியின் கட்டமைப்பை அறியாது. எந்த இழை எதன்மேல் எழ வேண்டும் என்ற கணக்கு அப்படத்தில் இராது. தறியில் ஏற்ற முடியாத பூக்களை அது தாராளமாகத் தூவிவிடும். மேலும், எவரெவரோ ஆக்கிய எண்ணற்ற படங்களைப் பார்த்துப் பழகியே அது தீட்டுகிறது. அவர்களின் சம்மதம் பெறப்பட்டதா என்பது மேல்நாடுகளில் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. தன் வடிவத்தைப் பதிந்து வைக்காத ஊர், நாளை தன் வடிவத்தையே அந்நியரிடம் விலை கொடுத்து வாங்க நேரும்.

இரண்டாவது முகம் நம்பிக்கை தருவது. நெசவு வடிவத்தைக் கட்டம் போட்ட தாளிற் குறிப்பது பழைய வழக்கம். கணினித் திரையும் கட்டங்களால் ஆனதே. நூறு வர்ண ஒழுங்குகளை ஒரு முழ நூலும் வீணாக்காமல் அதிற் சோதித்துப் பார்க்கலாம். சாயம் தோய்க்கும் முன்னரே பிழையைக் காணலாம். பாட்டியார் காலத்துக் கரையொன்றின் இழைக்கணக்கைப் பதிந்து பேரப்பிள்ளைகளுக்கு வைக்கலாம். ஒவ்வொரு பாவு நூலையும் தனித்தனியே எழுப்பும், கணினி இணைத்த தறிகள் உலகில் வந்துவிட்டன. அவற்றுட் சிலவற்றில் நாடாவை ஓட்டுவது இன்னும் மனிதக் கைதான்.

இவ்விரு முகங்களில் எது நம்மைப் பார்க்கும் என்பது கருவியைப் பொறுத்ததன்று; கற்ற முறையைப் பொறுத்தது. ஹங்கேரியிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த வேரா மோல்னார் என்ற ஓவியரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. கணினி கொண்டு ஓவியம் செய்த முன்னோடிகளுள் ஒருவர் அவர். 1968இலேயே அவருக்குக் கணினி கிடைத்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, விதிகளை வகுத்துக்கொண்டு, தம் கையையே ஒரு கற்பனை யந்திரமாக்கிச் சதுரங்களையும் கோடுகளையும் படிப்படியாக மாற்றி வரைந்து வந்தார். யந்திரம் வருமுன்னே யந்திரத்திடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். விதி வகுத்து வடிவம் காணும் அந்தப் பயிற்சி மருதமுனை நெசவாளரிடம் தலைமுறை தலைமுறையாக உண்டு. இல்லாதது, அப்பயிற்சிக்குக் கல்வி என்ற பெயரும் மதிப்புமே.

இங்கே சிலர் மறுப்புக் கூறுவர். ‘வயிற்றுக்குப் போராடும் நெசவாளருக்கு வடிவக் கலை எதற்கு?’ என்பது ஒன்று. வயிற்றுக்காகவே அது வேண்டும் என்பது என் விடை. சாதாரணச் சாரத்தை விசைத்தறியோடு விலையிற் போட்டியிட்டுக் கைத்தறி வெல்ல முடியாது. வேறெங்கும் கிடைக்காத வடிவம் ஒன்றே அதற்குரிய விலையைப் பெற்றுத் தரும். அவ்வடிவம் வெளியாரிடமிருந்து வந்தால் விலையின் பெரும்பங்கும் வெளியாருக்கே செல்லும். இந்தியாவில் 1950களில் நெசவாளர் சேவை நிலையங்களைத் தொடங்கியபோது, ஓவியர்களைத் தறிகளின் பக்கத்திலேயே கொண்டுபோய் அமர்த்தினர். கே. ஜி. சுப்ரமணியன் போன்ற பெரும் ஓவியர் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்திற் பணியாற்றினார். கைவினையிலிருந்து ஓவியன் கற்றுக்கொள்வது எவ்வளவு என்பதை அவருடைய பிற்காலப் படைப்புக்கள் காட்டின. தறிக்கும் தூரிகைக்கும் இடையே நடந்தது தானமன்று, கொடுக்கல் வாங்கல்.

‘நவீன அருவக் கலை மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது’ என்பது இரண்டாவது மறுப்பு. உருவத்தைத் தவிர்த்து, வட்டமும் நட்சத்திரமும் பல்கோணமும் கொண்டு முடிவில்லாத கோலங்களை அமைத்த இஸ்லாமியக் கலை மரபைத் தம்முடையதென்று போற்றும் ஊர்களில் இம்மறுப்பு எழுவது வியப்பே. டச்சு ஓவியர் எஷர் 1922இலும் 1936இலும் ஸ்பெயினின் அல்ஹம்பிரா மாளிகைக்குச் சென்று, அதன் சுவர்க்கோலங்களைப் பிரதி செய்து, அதிலிருந்தே தம் வழியைக் கண்டார். மேல்நாட்டார் நம்மிடம் வந்து கற்ற பாடத்தை மேல்நாட்டுப் பாடம் என்று நாம் தள்ளிவிடலாகாது. விஞ்ஞானமும் கலையும் ஒட்டாதவை என்போருக்கு இக்கரையிலேயே மறுமொழி இருக்கிறது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானம் பயின்ற கண்ணோடு பழந்தமிழ் இசையை ஆராய்ந்து, நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டு, மறைந்துபோன யாழை மீட்டுக் காட்டினார். 1947இல் வெளிவந்த யாழ்நூல் கணக்கின் மூலம் கலையை உயிர்ப்பித்த நூல். தறிக்கும் அவ்வாறொரு நூல் நம்மிடமிருந்து வரவேண்டாமா?

இனிச் செய்யக்கூடியவை யாவை? பெரிய திட்டங்களைக் கூறி வாசகரை மலைக்க வைக்க விரும்பவில்லை. முதலாவது, மருதமுனையின் பழைய சாரங்களையும் சேலைக் கரைகளையும் வீடு வீடாகத் தேடி, படம் எடுத்து, இழைக்கணக்கோடும் நெய்தவர் பெயரோடும் பதிந்து வைத்தல். ஆசிரியர் ஒருவரும் மாணவர் பத்துப் பேரும் ஒரு விடுமுறைக் காலத்திற் தொடங்கிவிடக்கூடிய வேலை இது. இரண்டாவது, பாடசாலைகளில் சித்திர ஆசிரியரும் கணித ஆசிரியரும் தகவல் தொழில்நுட்ப ஆசிரியரும் ஒரு பாடத்தையாவது சேர்ந்து நடத்துதல். பிள்ளை ஒரு வடிவத்தைக் கட்டத்தாளில் வரையட்டும். அதைத் திரையில் மாற்றிப் பார்க்கட்டும். பின்பு மரச்சட்டத் தறி ஒன்றிற் சாண் அளவாவது தன் கையால் நெய்யட்டும். திரையில் எளிதாகத் தோன்றியது நூலில் ஏன் மறுக்கிறது என்பதை அறியும் நாளில் அப்பிள்ளை கலையின் முதற்பாடத்தைக் கற்றுவிடும். மூன்றாவது, 1995இல் தொடங்கப்பெற்று இன்று ஒலுவிலில் விளங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அண்மையிலேயே உள்ளது. தொழில்நுட்ப பீடமும் கலை பீடமும் அதில் உண்டு. மருதமுனைத் தறியை அவை தம் ஆய்வுக்குரிய பொருளாக ஏற்றல் வேண்டும். மூத்த நெசவாளரை அங்கு ஆசான்களாக அழைத்தல் வேண்டும். நான்காவது, துணியின் ஓரத்தில் நெய்தவரின் பெயரைப் பொறித்தல். கவிதைக்குக் கீழே கவிஞரின் பெயரை அச்சிடும் சமுதாயம் சேலைக்குக் கீழே நெசவாளரின் பெயரை எழுதுவதிற் கூச்சப்படக் காரணமில்லை.

இலக்கிய வட்டத்தாருக்கும் இதிற் பங்குண்டு. நூல் வெளியீட்டு விழா நடத்தும் நம் மன்றங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது புதிய நெசவு வடிவங்களை மேடையில் வைத்து, கவிதையை விமரிசிப்பது போலவே நிறையும் குறையும் கூறி விமரிசிக்கட்டும். புகழுரை வேண்டியதில்லை, வர்ணப் பொருத்தத்தையும் அளவையும் புதுமையையும் அஞ்சாது எடைபோடும் கண்கள் வேண்டும். அத்தகைய விமரிசனம் இல்லாத இடத்தில் எக்கலையும் வளர்ந்ததில்லை.

யந்திரம் கலை செய்யுமா என்ற வாதம் கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் இன்னும் பல காலம் நடக்கும். அதன் முடிவுக்காக மருதமுனை காத்திருக்க வேண்டியதில்லை. வடிவத்தை நினைப்பவரும் நெய்பவரும் ஒருவராகவே இருக்கும் ஓர் ஊருக்குக் கணினி நல்ல துணைக்கருவியாகும். அவ்விருவரும் பிரிந்துபோன ஊருக்கு அது நெசவின் கடைசிக் காலத்தைக் கொண்டுவரும். முன்னதைத் தெரிந்துகொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது. இழைக்கணக்கை மனத்தில் வைத்திருக்கும் மூத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்கள் அருகில் நம் மாணவர்களை அமரச் செய்வது கல்முனைப் பகுதி ஆசிரியர்களின் கையில் உள்ளது. வரும் விடுமுறையிலேயே அதனைத் தொடங்குவார்களாக.